ஏழு மணிச் செய்தியில் என் முகம்

இனயம்
18.9.2008

திரைகடல் டிவி ஆபீஸ், கருங்கல்.

ஐயா,

என் பெயர் வியாகுலம்மாள். கருங்கல் சந்தையில் பதினாறு வருடமாக மீன் விற்கிறேன். என் வீட்டுக்காரர் மரியான் கொச்சியிலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் போட்டில் வேலை பார்க்கிறார். வருடத்தில் பாதி நாள் கடலில்தான். மகள் ஷெர்லி பெங்களூரில் நர்சிங் படிக்கிறாள். நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சொல்வதில் பிழை இல்லை.

திங்கட்கிழமை உங்கள் ஏழு மணிச் செய்தியில், கல்யாண வீட்டில் மீன் குழம்பு சாப்பிட்ட நாற்பது பேர் வாந்தி பேதியோடு ஆசுபத்திரியில் சேர்ந்ததைச் சொன்னீர்கள். பிறகு, "கெட்டுப்போன மீனைக் கூசாமல் விற்கும் வியாபாரிகள் மீது நடவடிக்கை எப்போது?" என்று கேட்டீர்கள். அப்படிக் கேட்டபோது திரையில் இருந்தது நான். மீன் வைக்கிற என் சருவம், என் கை, என் முகம். ஒரு நெய்மீனின் செவுளைத் திறந்து காட்டிச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

அது இப்போது எடுத்த படம் இல்லை. தவக்காலத்தில் மீன் விலை ஏறியதைக் காட்டப்போகிறோம் என்று உங்கள் ஆள் கேமராவோடு வந்து எடுத்தது. அந்தக் கல்யாண வீட்டுக்காரர்கள் மீன் வாங்கிய சனிக்கிழமை நான் சந்தைக்கே வரவில்லை. மகளை ரயிலேற்ற இரணியல் ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். பிளாட்பாரம் டிக்கெட் கையில் இருக்கிறது.

நானும் பக்கத்து வீட்டு பெபிஷாவும் சேர்ந்துதான் செய்தி பார்த்தோம். அவள் வீட்டுக்காரர் ஆன்ட்ரூஸும் மரியான் போகிற அதே போட்டில்தான். என் முகம் வந்ததும், "அக்கா, ஒங்கள டிவியில காட்டுதாவ!" என்று கைதட்டினாள். அப்புறம்தான் பேச்சு காதில் விழுந்தது. தட்டின கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

அந்தச் செய்திக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை என்று அதே ஏழு மணிக்கு நீங்கள் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
ம. வியாகுலம்மாள்


கருங்கல்
24.9.2008

அன்புடையீர்,

தங்கள் கடிதம் கிடைத்தது. மேற்படி செய்தியில் தங்கள் பெயர் எவ்விடத்திலும் குறிப்பிடப்படவில்லை. காட்டப்பட்டது பொதுவான சந்தைக் காட்சியே அன்றி எந்தத் தனிநபரையும் சுட்டுவது அல்ல. எனவே திருத்தம் வெளியிட வேண்டிய தேவை எழவில்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம். தங்கள் ஆதரவு என்றும் தொடர வேண்டுகிறோம்.

இங்ஙனம்,
செய்திப் பிரிவு, திரைகடல் டிவி


இனயம்
29.9.2008

செய்திப் பிரிவு அவர்களுக்கு,

பெயர் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். என்னிடம் மீன் வாங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு என் பெயர் தெரியும்? முகத்தைப் பார்த்துத்தான் வருவார்கள். அந்த முகத்தைத்தான் நீங்கள் காட்டினீர்கள்.

இங்கே என்ன நடக்கிறது என்று கேளுங்கள். ஜெயபாய் டீச்சர் பதினோரு வருடமாக என்னிடம்தான் வாங்குவார். போன சனிக்கிழமை என் முன்னால் வந்து நின்றார். சருவத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இன்னைக்கு வேண்டாம் வியாகுலம், வீட்டுல ஆளில்ல" என்று சொல்லிவிட்டு, நாலு பேர் தள்ளி இருந்தவளிடம் ஒரு கிலோ சாளை வாங்கினார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷி. பையைச் சேலைக்குள் மறைத்துப் பிடித்துக்கொண்டு போனார். எனக்கு டீச்சர் மேல் கோபம் வரவில்லை. அவர் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பஸ்ஸில் சருவத்தை ஏற்றும்போது ஒருவன், "மணத்திப் பாத்து ஏத்துங்க, டிவியில வந்த மீனாக்கும்" என்றான். பஸ் முழுக்கச் சிரித்தது.

சந்தையைக் குத்தகைக்கு எடுத்தவர் வந்தார். "நீ கொஞ்ச நாளு பின்னால ஓடப் பக்கம் இரியேன். மத்தவளுவளுக்கும் யாவாரம் போவுதுன்னு பராதி பறையுதாளுவ" என்றார்.

"எனக்க மீனு கெட்டதுன்னு ஆரு பறஞ்சா?"

"டிவியில பறஞ்சாவல்லா?"

பதினாறு வருடம் உட்கார்ந்த இடத்தை விட்டு, இப்போது சாக்கடை ஓடைப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். மரியான் போனில் கூப்பிட்டபோது ஒன்றும் சொல்லவில்லை. கடலில் இருக்கிற மனுஷனுக்கு இதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

இன்னும் ஒன்று கேட்கிறேன். உங்கள் கடிதத்தில் கையெழுத்து இல்லை. செய்திப் பிரிவு என்று ஒரு ஆள் உண்டா? அவருக்கு அம்மையும் அப்பனும் வைத்த பெயர் என்ன? மீன் விற்கிற நானே பெயர் எழுதித்தான் தொடங்கினேன்.

ம. வியாகுலம்மாள்


கருங்கல்
6.10.2008

வியாகுலம்மாள் அக்காவுக்கு,

என் பெயர் சுயம்பு. திரைகடல் டிவியில் படத்தொகுப்பு செய்கிறேன். எடுத்து வருகிற காட்சிகளை வெட்டி, செய்தி வாசிப்பவரின் குரலோடு ஒட்டுகிற வேலை. செய்திப் பிரிவு என்று உங்களுக்கு எழுதியவனும் நான்தான். எங்கள் முதலாளி ஞானதாசன் சார் சொல்லச் சொல்ல எழுதினேன். ஆனால் அதைச் சொல்லித் தப்பிக்க முடியாது. உங்கள் படத்தை அந்தச் செய்தியில் போட்டவன் நானே.

எப்படி நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். அன்று எங்கள் செய்தியாளர் யேசுரத்தினம் ஆசுபத்திரியிலிருந்து திரும்பும்போது மணி ஆறரை தாண்டிவிட்டது. அவர் கொண்டுவந்த காட்சியில் இருபது விநாடிதான் உருப்படி. வாசிப்போ ஐம்பத்தைந்து விநாடி. மிச்ச நேரத்துக்குப் படம் வேண்டும். கம்ப்யூட்டரில் 'மீன் சந்தை' என்று பழைய காட்சிகளைச் சேர்த்து வைத்திருக்கிறோம். திறந்தேன். உங்கள் காட்சிதான் தெளிவாக இருந்தது. நல்ல வெளிச்சம். நீங்கள் சிரிக்கிறீர்கள். செவுள் ரத்தச் சிவப்பாகத் தெரிகிறது. அழகாக இருக்கிறதே என்றுதான் எடுத்தேன் அக்கா. குரலில் என்ன சொல்கிறார்கள் என்று காதுக்குக் கேட்டது, மனதுக்கு ஏறவில்லை. நல்ல மீனைக் காட்டுகிற ஒருவரை, கெட்ட மீன் என்ற வார்த்தையோடு ஒட்டினேன். செய்தி ஓடி முடிந்ததும் டீ குடிக்கப் போனேன்.

உங்கள் இரண்டாம் கடிதம் வந்த அன்று சந்தைக்கு வந்தேன். ஓடைப் பக்கம் நீங்கள் ஈயை விரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைத் தூரத்திலிருந்து பார்த்தேன். கிட்டே வராமல் திரும்பிவிட்டேன்.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரிய வேண்டும். அந்த நோய்க்குக் காரணம் மீனே இல்லை. கல்யாணம் நடந்த இடத்தின் தண்ணீர்த் தொட்டியில்தான் கோளாறு என்று சுகாதாரத் துறைக்காரர்கள் பரிசோதித்துச் சொல்லிவிட்டார்கள். யேசுரத்தினம் அதை எழுதிக்கொண்டும் வந்தார். "பழைய சங்கதிடே, இனி ஆரு பாப்பா?" என்று சார் தள்ளிவிட்டார்.

திருத்தம் போடலாம் என்று கேட்டேன். "ஏலே, ஒனக்கு வட்டாக்கும்? ஒண்ணு தப்புன்னு நாமளே பறஞ்சா, நாளைக்கு நாம பறையது எல்லாம் தப்புன்னு ஆவும். ரெண்டு வாரத்துல சனம் மறந்துபோவும்" என்றார். அவர் கெட்டவர் இல்லை அக்கா. சுனாமி சமயத்தில் மூன்று நாள் வீட்டுக்குப் போகாமல், பிள்ளைகளைத் தேடி வந்தவர்களையெல்லாம் கேமரா முன் உட்காரவைத்துப் பேசவிட்டவர். ஆனால் இந்த விஷயத்தில் அவருக்குப் பயம். எனக்கும் பயம்தான்.

மன்னிப்புக் கேட்கிறேன்.

சுயம்பு


இனயம்
11.10.2008

தம்பி சுயம்புவுக்கு,

அழகாக இருந்ததால் எடுத்தேன் என்ற இடம் வந்ததும், கடிதத்தை அடுப்பில் போடத்தான் எழுந்தேன். பெபிஷா கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் முழுக்க வாசித்துவிட்டு, "அக்கா, இவன் உள்ளதப் பறையுதான்" என்றாள். பிறகு நானும் மீதியை வாசித்தேன்.

உள்ளதைச் சொன்னதற்கு நன்றி. 'செய்தவன் நான்' என்று ஒரு ஆள் எனக்குக் கைப்பட எழுதித் தந்திருப்பது இதுதான் முதல் தடவை. அதுவே எனக்குப் பாதி நெஞ்சுப் பாரத்தை இறக்கியது. தண்ணீர்த் தொட்டி விஷயத்தைச் சொன்னதற்கும் நன்றி. மீன்தான் காரணம் என்றால் யாரோ ஒருத்தியின் மீன் அது என்று நினைத்து, பக்கத்தில் இருக்கிறவர்களை நானே சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் தம்பி, என் மானம் போனதை ஊரே பார்த்தது. நீங்கள் வருத்தப்படுவதை நான் ஒருத்தி கவரைப் பிரித்துப் பார்க்கிறேன். இந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் ஒவ்வொருவரிடமாக நீட்ட முடியுமா?

உங்கள் வீட்டில் யார் யார் உண்டு என்று எனக்குத் தெரியாது. வேலை போனால் என்ன ஆகும் என்றும் தெரியாது. அதனால் செய்யுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. செய்ய வேண்டாம் என்று சொல்லவும் வரவில்லை.

வியாகுலம்மாள்


கருங்கல்
15.10.2008

அக்கா,

சாருக்குத் தெரியாமல் செய்தியில் நானே திருத்தம் சொல்லப்போகிறேன், அதற்கு ஒரு அனுமதி வேண்டும். உங்கள் முகத்தை இன்னொரு தடவை காட்ட வேண்டியிருக்கிறது. காட்டாமல் சொன்னால் யாரைப் பற்றிச் சொல்கிறேன் என்று ஒருவருக்கும் விளங்காது. காட்டினால், மறந்தவர்களுக்கும் நினைவு வரும். முதல் தடவை உங்களைக் கேட்காமல் போட்டேன். இந்தத் தடவை நீங்கள் சொல்கிறபடி.

வேலையைப் பற்றி நினைக்க வேண்டாம். வீட்டில் நானும் அம்மாவும்தான்.

சுயம்பு


(அஞ்சலட்டை)

18.10.2008

தம்பி, காட்டுங்கள்.

வியாகுலம்மாள்


இனயம்
25.10.2008

அன்புள்ள தம்பி,

ஆபீசுக்குள் இருந்த உங்களுக்கு வெளியே நடந்தது தெரிந்திருக்காது. அதனால் எழுதுகிறேன்.

புதன்கிழமை சந்தை முக்கு டீக்கடையில் நின்றிருந்தேன். கூட்டத்தில் வெளியூர் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள், சந்தைக்காரர்கள், அன்று என்னைப் பார்த்துச் சிரித்தவர்களில் இரண்டு பேர். செய்தி பாதியில் என் முகம் வந்தது. கடைக்காரர் டீ ஆற்றுகிற கையை நிறுத்திவிட்டார். வழக்கமாக வாசிக்கிற பெண்ணின் குரல் இல்லை. வாசித்துப் பழகாத ஒரு ஆண் குரல். "இவர் பெயர் வியாகுலம்மாள். அந்தக் கல்யாண வீட்டில் நடந்ததற்கும் இவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. நோய்க்குக் காரணம் தண்ணீர்த் தொட்டி, மீன் அல்ல. தவறான செய்தியில் இவருடைய பழைய படத்தை ஒட்டியவன் நான். என் பெயர் சுயம்பு. இவரிடமும், பார்த்த உங்களிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்." அவ்வளவுதான். உடனே விளம்பரம் வந்துவிட்டது. யாரோ எனக்கு ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டார்கள். உட்கார்ந்து அழுதேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

மறுநாள் யாரிடமும் கேட்காமல் என் பழைய இடத்தில் போய்ச் சருவத்தை இறக்கினேன். குத்தகைக்காரர் வந்தார், நின்றார், போய்விட்டார். பத்து மணிக்கு ஜெயபாய் டீச்சர் வந்தார். "ரெண்டு கிலோ சாளை" என்றார். அவர் வீட்டுக்கு இரண்டு கிலோ அதிகம். நான் வழக்கம்போல ஒரு மீனை எடுத்துச் செவுளைத் திறந்தேன். "மூடு வியாகுலம். எனக்குக் காட்டாண்டாம்" என்றார். அப்படியே அவர் பையில் போட்டுக் கொடுத்தேன். எல்லோரும் திரும்பி வந்துவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். சிலர் இன்னும் தள்ளிப் போய்த்தான் வாங்குகிறார்கள். ஆனால் என்னால் அவர்கள் முகத்தைப் பார்க்க முடிகிறது.

நேற்று நல்ல சூரையாக ஒன்று எடுத்துக்கொண்டு உங்கள் ஆபீசுக்கு வந்தேன். யேசுரத்தினம் தம்பி வெளியே வந்து, செய்தி முடிந்த கையோடு உங்களிடம் சாவியை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள் என்றார். மீனை அவரிடமே கொடுத்தேன். வீட்டு விலாசம் அவர் தந்தது.

மரியானிடம் இப்போது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "அந்தப் பயலுக்கு நம்ம ஆருட்டி?" என்று கேட்டார். கர்த்தர் உங்களையும் உங்கள் அம்மாவையும் நன்றாக வைத்திருக்கட்டும்.

வியாகுலம்மாள்


மார்த்தாண்டம்
20.1.2009

அன்புள்ள அக்கா,

மூன்று மாதமாகப் பதில் எழுதவில்லை. வேலை இல்லாமல் இருந்தபோது எழுதினால் உங்களைக் குத்திக்காட்டுவது போல ஆகிவிடும் என்று தள்ளிப்போட்டேன். மன்னியுங்கள்.

இங்கே ஒரு ஸ்டூடியோவில் கல்யாண வீடியோ வெட்டிக்கொண்டிருந்தேன். இதில் ஒரு நிம்மதி உண்டு. யார் பெரியப்பா, யார் சித்தி என்று வீட்டுக்காரர்களே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிடுவார்கள். தப்பே நடக்காது.

போன வாரம் ஞானதாசன் சார் பைக்கில் வந்து இறங்கினார். நடந்தது இதுதான். ஒரு திருட்டு வழக்கில் ஐயப்பன் என்று ஒருவன் பிடிபட்டிருக்கிறான். நம் டிவியில் அதே பெயருள்ள ஒரு ஆட்டோ டிரைவரின் படத்தைப் போட்டுவிட்டார்கள். அவருடைய ஆட்கள் பத்துப் பேர் ஆபீசுக்கு வந்திருக்கிறார்கள். சார் கதவைப் பூட்டலாமா என்று பார்த்திருக்கிறார். அவர்கள் ஒன்றையும் உடைக்கவில்லை. "அன்னைக்கு மீன்காரிக்க காரியத்துல, தப்பு செஞ்சவன் நானாக்கும்னு பறஞ்சானே ஒரு பய, அவன விளியுங்க. அவனுகிட்டதான் பேசணும்" என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்களாம்.

ஸ்டூடியோ வாசலில் நின்றபடியே சார் சொன்னார். "ஏலே, வா. அவியளுக்க மொகத்தப் பாத்துப் பேச எனக்குத் தெரியல."

"வந்தா, தப்ப தப்புன்னு அதே ஏழு மணிக்குச் சொல்லணும் சார். பழைய படத்துக்கு மேல 'பழைய படம்'னு எழுதணும்."

"எழுது. என்ன வேணும்னாலும் எழுது" என்றார். போகும்போது ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, "அன்னைக்கு நான் ஒன்ன அனுப்பினது தப்பு" என்றார். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து சொன்னதால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நாளை வேலையில் சேர்கிறேன். முதல் வேலை ஆட்டோ ஓட்டும் ஐயப்பன் அண்ணன் வீட்டுக்குப் போவது.

அக்கா, நீங்கள் நன்றி என்று எழுதியதை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். ஆனால் நன்றி சொல்ல வேண்டியவன் நான். ஆறு வருடமாக இந்த வேலை பார்க்கிறேன். திரையில் இருக்கிற ஆள் வீட்டுக்குப் போவார், பஸ் ஏறுவார், மறுநாள் சந்தைக்கு வருவார் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நீங்கள் திட்டிவிட்டு நிறுத்தியிருக்கலாம். என் பெயரைக் கேட்டீர்கள். அதனால்தான் இன்று இந்த வேலைக்குத் திரும்பிப் போக எனக்கு மனம் இருக்கிறது.

உங்கள் அன்புத் தம்பி,
சுயம்பு


இனயம்
26.11.2009

அன்புள்ள தம்பி சுயம்புவுக்கு,

மரியான் வீட்டுக்கு வந்துவிட்டார். உள்ளே தூங்குகிறார். நான் வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கோவாவுக்கு மேற்கே புயலில் போட்டுகள் காணாமல் போன செய்தி வந்த அன்றிலிருந்து இந்தத் தெருவில் அடுப்பெரியவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் பெபிஷா வீட்டில் பெண்கள் எல்லாரும் டிவி முன்னால் இருந்தோம். பெரிய சேனல் ஒன்றில் நகைக்கடை விளம்பரம். அதன் அடியில் எழுத்து ஓடியது. பதினோரு பெயர். 'பலி' என்று போட்டிருந்தது. ஆன்ட்ரூஸ் பெயர் நாலாவது. மரியான் பெயர் ஏழாவது.

பெபிஷா அப்படியே சாய்ந்துவிட்டாள். எல்லோரும் என்னைக் கட்டிப்பிடித்தார்கள். "ஏட்டி, அழுதுரு. அழாம இருக்கப்பிடாது" என்று என் மைனி முதுகில் அடித்தாள். யாரோ கறுப்புச் சேலை எடுக்க என் வீட்டுக்குப் போனார்கள்.

நான் எழுந்துபோய் உங்கள் சேனலுக்கு மாற்றினேன். ஏழு மணி ஆகியிருந்தது. உங்கள் செய்தி வாசிக்கிற பெண் சொன்னாள். "பதினோரு பேரைப் பற்றித் தகவல் இல்லை. தேடுதல் நடக்கிறது. பார்த்தவர்கள் சொல்லி, வீட்டாருக்குத் தெரிவித்த பிறகே எதையும் உறுதியாகச் சொல்வோம்." அவ்வளவுதான்.

"அந்தத் தம்பி பறையட்டும். அப்பம் நான் சேல மாத்துதேன்" என்றேன். எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று நினைத்தார்கள். ஆறு நாள் தம்பி. மற்ற டிவியெல்லாம் என்னை விதவை என்றது. நீங்கள் சொல்லவில்லை. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஆறு நாள் கஞ்சி குடித்தேன்.

ஏழாம் நாள் மும்பையிலிருந்து போன் வந்தது. சரக்குக் கப்பல் ஒன்று எட்டுப் பேரை ஏற்றிக் கரை சேர்த்திருக்கிறது. ஆன்ட்ரூஸும் இன்னும் இரண்டு பேரும் அதில் இல்லை.

அன்று ஒரு தடவை சொன்னதற்கு நன்றி எழுதினேன். இது, சொல்லாமல் இருந்ததற்கு. என் வீட்டுக்காரர் பெயரை அந்தப் பட்டியலில் வாசிக்காமல் இருந்தீர்களே, அதற்கு இந்த உயிர் உள்ளவரை நன்றி.

வியாகுலம்மாள்


கருங்கல்
30.11.2009

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தை ஆபீசில் எல்லோரும் வாசித்தோம். ஞானதாசன் சார் வாசித்துவிட்டு வெளியே போய் நின்றார்.

ஆனால் நீங்கள் நினைக்கிற அளவுக்கு நான் நல்லவன் இல்லை. உள்ளதைச் சொல்கிறேன். அந்தப் பட்டியல் என் மேஜைக்கும் வந்தது. யார் அனுப்பியது என்று இன்றுவரை தெரியாது. "எல்லாவனும் போட்டாச்சு. நாம மட்டும் பாத்துட்டு இருக்கோம்" என்று சார் பின்னால் நின்று அவசரப்படுத்தினார். நானும் பெயர்களைத் தட்டச்சு செய்யத் தொடங்கிவிட்டேன். ஆறு பெயர் அடித்தாயிற்று. ஏழாவது, மரியான், இனயம். உங்கள் முதல் கடிதத்தில் வாசித்த பெயர். கை நின்றுவிட்டது.

உங்கள் ஊர்ப் பங்குச் சாமியாருக்குப் போன் போட்டேன். "ஆரு கண்டா மக்கா? கண்ட ஆளு ஒருத்தரையும் எனக்குத் தெரியாது" என்றார். அதைச் சாரிடம் சொன்னேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்த ஆறு பெயரையும் ஒவ்வொன்றாக வாசித்தார். "செரி, அழி. தகவல் இல்லன்னே வாசி" என்று சொன்னது அவர்தான். அதனால் உங்கள் நன்றியில் பாதி அவருக்கு.

ஏழாவது பெயர் எனக்குத் தெரியாத ஒருவருடையதாக இருந்திருந்தால் நிறுத்தியிருப்பேனா? பத்து நாளாக இதையே யோசிக்கிறேன். இனிமேல் யார் பெயராக இருந்தாலும் நிறுத்த வேண்டும் என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறோம். எழுதி ஒட்டுவது சுலபம்.

இன்னொரு வருத்தமும் உண்டு. கடைசியில் மூன்று பேரைப் பொறுத்தவரை அந்தப் பட்டியல் உண்மையாகிவிட்டது. "தெரிந்தும் மறைத்தீர்கள்" என்று ஒருவர் போனில் கத்தினார். பெபிஷா அக்காவும் அப்படி நினைக்கிறார்களா? ஆறு நாள் வீணாக நம்பவைத்துவிட்டேனா? கேட்கக் கூச்சமாக இருக்கிறது. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

மரியான் அண்ணனை என் அம்மா கேட்டதாகச் சொல்லுங்கள். அவர் திரும்பி வந்ததற்கு நாங்களும் கடவுளுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

சுயம்பு


இனயம்
5.12.2009

அன்புள்ள தம்பி,

உங்கள் கேள்வியைப் பெபிஷாவிடம் அப்படியே கேட்டேன். சுற்றி வளைத்தால் அவளுக்குப் பிடிக்காது.

"நகைக்கட வெளம்பரத்துக்க அடியில எனக்க மாப்பிள பேரு ஓடிச்சு அக்கா. முடிஞ்சுதுன்னு பாத்தா திரும்பயும் வரும், திரும்பயும் வரும். எனக்கு அழக்கூடத் தெரியல" என்றாள். "அந்தத் தம்பி நம்பவச்சதுன்னு ஒண்ணும் இல்ல. தெரியாதுன்னுதானே பறஞ்சான். உள்ளதும் அதுதானே."

மரியான் வந்து சேர்ந்ததும், பையை என் கையில் கொடுத்துவிட்டு நேராக அவள் வீட்டுக்குத்தான் போனார். தரையில் அவள் முன்னால் உட்கார்ந்து, கடலில் மிதக்கையில் ஆன்ட்ரூஸ் எப்போது கையை விட்டார், அதற்கு முன் என்ன பேசினார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். கூடக் கிடந்து பார்த்த ஆள் வாயால் கேட்டபிறகுதான் அவள் அழுதாள். அழுது முடித்து, அவருக்குக் கட்டன்சாயா போட்டுக் கொடுத்தாள். அதனால் நீங்கள் உங்களைப் போட்டு வருத்திக்கொள்ள வேண்டாம். தெரியாத பெயராக இருந்தால் நிறுத்தியிருப்பேனா என்று கேட்டீர்கள். அடுத்த தடவை அப்படி ஒரு பட்டியல் வரும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

ஞானதாசன் சாருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். பாதி இல்லை, முழுசாகவே சொல்லுங்கள். உங்களுக்கு வேறே இருக்கிறது.

இப்போது ஒரு உதவி. ஆன்ட்ரூஸ் போனதை உங்கள் டிவியில் முறையாகச் சொல்ல வேண்டும் என்று பெபிஷா ஆசைப்படுகிறாள். ஓடுகிற எழுத்தாக வேண்டாமாம். ஒரு நிமிஷம் படத்தைக் காட்டி, பெயரைச் சொல்லி, முப்பதாம் நாள் பூசை பத்தொன்பதாம் தேதி என்று சொன்னால் போதும். படத்தை அவளே எடுத்து வைத்திருக்கிறாள். ஆல்பத்தில் கல்யாணப் படம், ஞானஸ்நானப் படம் எல்லாம் இருந்தும், வலை பின்னிக்கொண்டு யாரையோ பார்த்துச் சிரிக்கிற ஒன்றைத்தான் எடுத்தாள். "இதாக்கும் அவரு" என்றாள்.

அதை எடுத்துக்கொண்டு அடுத்த சனிக்கிழமை மரியான் உங்கள் ஆபீசுக்கு வருவார். உங்களைப் பார்த்து நன்றி சொல்ல வேண்டும் என்று வந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆனால் நேரில் வந்தால் அவருக்கு ஒரு வார்த்தை வராது. சும்மா உட்கார்ந்திருப்பார். தப்பாக நினைக்காதீர்கள். ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கொஞ்ச நேரம் கூட இருங்கள். ஆன்ட்ரூஸின் படம் அவர் சட்டைப் பையில் இருக்கும். எடுத்துத் தர மறந்துவிடுவார், நீங்களே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா,
வியாகுலம்மாள்